நூற்றுப் பதினேழாவது வண்டி

வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து மல்லாந்து படுப்பது வரை சுலபம். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. முட்டி ஒரு பக்கம் வலிக்கும், இடுப்பு ஒரு பக்கம் பிடிக்கும், எதையாவது பற்றிக்கொண்டு எழலாம் என்று கையை நீட்டினால் கிடைப்பது அடுத்தவரின் விலையுயர்ந்த வண்டியாக இருக்கும். அதைப் பிடிக்கக் கூடாது. அன்றைக்கு அந்த ஷெட்டுக்குள் படுத்தபடி டார்ச் அடித்து, பின்பக்க ஸ்பிரிங்கில் இருந்த இரண்டு மஞ்சள் கோடுகளைப் பார்த்த பிறகும் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். காலையிலிருந்து அது மூன்றாவது வண்டி. ஐம்பத்து நான்கு வயதுக்காரி ஒருத்தி காருக்கு அடியில் அசையாமல் கிடப்பதில் அந்த வீட்டுக்காரருக்கு என்ன பயம் வந்ததோ, குனிந்து, "தலைக்கு ஏதாவது வேணுமா மேடம்? தலையணை கொண்டு வரட்டா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். விற்கிறவர் சொல்வதும் வண்டி சொல்வதும் ஒன்றுதானா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். பதின்மூன்று வருடமாக இதுதான் செய்கிறேன். இந்தத் தொழில் வட்டாரத்தில் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். அதில் இருப்பது மரியாதையா நக்கலா என்று நான் ஆராய்ந்ததில்லை. அன்றைக்கு என்னை அனுப்பியவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவரிடம் ஏற்கெனவே பதினொரு கார்கள் ஒரு ஹாலில் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன, எதையும் ஓட்டுவதில்லை. இது பன்னிரண்டாவது. இந்த ரக ஸ்போர்ட்ஸ் காரைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் விற்றது. ஆனால் 'ஸ்பெஷல்' என்று தனியாக முந்நூறுதான் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஸ்பெஷலுக்கு பிரேக் வேறு, இரண்டு மஞ்சள் கோடு போட்ட ஸ்பிரிங் வேறு, சீட் வேறு. பானட்டுக்கு அடியில் முந்நூறில் எத்தனையாவது வண்டி என்று எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். விலையில் நாலு மடங்கு வித்தியாசம். கம்பெனியை மூடி வெகுகாலமாகிறது, அவர்களுடைய பதிவேடுகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. எழுதிக் கேட்க ஆளில்லாததால் என்னைப் போல ஒருத்தி கீழே படுக்க வேண்டியிருக்கிறது.

விற்கிறவர் பல் செட் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்துக் கொடுக்கும் அச்சை வைத்துப் பல்லைச் செய்து தருகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே வரும்போதே பார்த்தேன், கண்ணாடி அலமாரி நிறைய ஈறும் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆனால் ஆறு மாதமாக அவர் வேலை செய்யவில்லை. கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. "உங்க முகத்தைப் பார்த்தேன்னா முகம் மட்டும் இருக்காது மேடம். சுத்தி முடி தெரியுது, தோள் தெரியுது, பின்னால சுவரு தெரியுது. பார்க்க நெனைக்கிறது மட்டும் தெரியாது" என்றார். இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும், குரலில் வருத்தம் தேய்ந்துபோயிருந்தது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். ட்யூட்டி முடிந்து வந்து இன்னும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஷெட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி போனால் அந்த இடத்தில் துணி காயப்போடலாம் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன். தகட்டில் நூற்றுப் பதினேழு. ஆணிகள் பழையவை, கம்பெனி ஆணிகள். பிரேக்கில் இருந்த எண் சரி. கண்ணாடிகளின் ஓரத்தில் அச்சிட்ட தேதிகள் எல்லாம் வண்டியின் வயதோடு ஒத்துப்போயின. நான் எதையெதைத் தொடுகிறேன் என்று பல் செட்காரர் காதை வைத்தே பின்தொடர்ந்தார். "அது தகடு. இப்ப பிரேக்குக்குப் போறீங்க." எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷமா நான் பண்றது அத்தனையும் போலி மேடம். போலின்னு தெரியக் கூடாது, அதான் என் தொழிலே. வீட்டுல ஒரு சாமானாவது அசலா இருக்கட்டும்னுதான் இதை வாங்கினேன். இதுக்காக இவ கிட்ட வாங்கின பேச்சு கொஞ்சநஞ்சமில்ல." மனைவி வாசலில் இருந்தபடியே, "இன்னும் முடிக்கலை நான்" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர பயம் விடவில்லை. இந்த ரகம் என்று சொல்லி எப்போது கூப்பிட்டாலும் எனக்கு அப்படித்தான். முன்பு இரண்டு ஸ்பெஷல் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்து சீட்டைத்தான் பார்த்தேன். இரண்டும் நல்ல வண்டிகள், நிம்மதியாக வேலையை முடித்தேன். இந்த முறை எனக்கே காரணம் தெரியாமல் சீட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டேன். அலுப்பாக இருந்தது. நல்ல செய்தி எதையாவது முதலில் கேட்போமே என்று இருந்திருக்கலாம். பிறகு இனித் தள்ளிப்போட ஒன்றுமில்லை என்றானதும் கதவைத் திறந்தேன்.

டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு வெளுத்து, தேய்ந்து, ஓரிடத்தில் பிளந்திருந்தது. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற இடம். அந்த இடம் தேயும் என்று தெரிந்தேதான் கம்பெனிக்காரன் ஸ்பெஷலில் அங்கே மட்டும் இரண்டாவது தோல் ஒன்றை அரைச்சந்திர வடிவில் வைத்துத் தைத்தான். டிரைவர் சீட்டில் மட்டும்தான் அது உண்டு. இந்த வண்டியில் அந்தத் தோல் பக்கத்து சீட்டில் இருந்தது, தேய்மானமே இல்லாமல், புத்தம்புதிதாக. யாருமே உரசாத இடத்தில் யாருக்கும் உதவாத தடுப்பு.

இப்படி ஒரு தப்பைச் செய்யக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் என் அண்ணனின் குஷன் கடையில் தையல் மெஷினில் இருந்தேன். ஒரு புரோக்கர் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் பக்கம் பக்கமாக நிறுத்தினார். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஒன்று அசல் ஸ்பெஷல், விபத்தில் முன்பக்கம் நொறுங்கி உள்பக்கம் எரிந்துபோனது. மற்றது சாதாரண வண்டி, ஒரு கீறல்கூட இல்லாதது. ஐந்து வாரம் அண்ணனும் ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து அதிலிருந்து கழற்றி இதில் மாட்டினார்கள். பிரேக், ஸ்பிரிங், தகடு எல்லாம் ஆணி முதற்கொண்டு வந்தன. சீட் மட்டும் எரிந்து கரியாகிவிட்டதால் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. மாதிரிக்கு ஒரு கார் பத்திரிகைப் படத்தைக் கொடுத்தார்கள். படத்தில் இரண்டு சீட்டுகள் மட்டும்தான் இருந்தன, ஸ்டீயரிங் இல்லை. ஸ்டீயரிங் எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஏதோ நாட்டில் எடுத்த படம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததைப் பார்த்தபடியே தைத்தேன்.

"ஆசைக்குப் பண்ணிக்கிறாரு, தானே ஓட்டப்போறாரு" என்று அண்ணன் சொன்னான். அதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் கடைசி நாளில் சீட்டின் முதுகில் வைத்துத் தைக்க இரண்டு சின்னத் துணிப் பட்டைகள் கொடுத்தான், 'முந்நூறில் ஒன்று' என்று நெய்தவை. தானே ஓட்டிக்கொள்கிறவனுக்கு அந்தப் பட்டை எதற்கு? அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் தைத்தேன். அடுத்த வருடம் கண் வலிக்கிறது என்று சொல்லிக் கடையிலிருந்து விலகி, இந்தத் தொழிலுக்கு வந்தேன். வீட்டில் என் கணவருக்குக்கூட இது தெரியாது. அந்த வண்டி எந்த ஊருக்குப் போயிற்றோ, எங்காவது இடித்து நொறுங்கியிருக்காதா என்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. ஆளுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் வண்டி மட்டும் நொறுங்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

இப்போது அது முழுசாக, பளபளவென்று துடைத்து, என் முன்னால் நின்றது. இடையில் யாரோ கருநீலம் அடித்திருந்தார்கள். பழைய வண்டிக்கு வேறு நிறம் அடிப்பது புதிதில்லை என்பதால் அதைக் குற்றமாகக் குறிக்கவில்லை. சீட்டைத் தவிர சாமான் ஒவ்வொன்றும் அசல், வண்டி மட்டும் அசலில்லை. இதை வேறெந்தப் பரிசோதகன் பார்த்தாலும், சீட் கிழிந்ததால் யாரோ தப்பும் தவறுமாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஸ்பெஷல் என்றே கையெழுத்துப் போடுவான். இது பொய் என்பதற்கு உலகத்தில் வேறு எந்த ஆதாரமும் இல்லை, நான் ஒருத்தி உட்கார்ந்து தைத்த ஞாபகத்தைத் தவிர.

போன் பேசிவிட்டு வருகிறேன் என்று தெருவுக்குப் போனேன். வண்டியை ஏற்றிப்போகக் கான்ட்ராக்டர் அனுப்பிய ட்ரக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, டிரைவர் ஸ்டீயரிங்கின் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு அடித்தேன்.

"அந்த கிரே வண்டி" என்றேன். எந்த கிரே வண்டி என்று அவன் கேட்கவில்லை.

"எங்க இருக்கு?"

சொன்னேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினான்.

"சீட்டு மாத்தினதுன்னு எழுது பாப்பா. அது உண்மைதானே. பழைய வண்டின்னா சீட்டு கிழியும், மாத்துவாங்க. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

"வண்டியே மாத்தினதுண்ணா."

"அதை யாரு பார்த்தா? மெக்கானிக் எந்த நாட்டுல இருக்கானோ. புரோக்கர் செத்தே போயிட்டாரு. மிச்சம் நீயும் நானும்." மூச்சு வாங்கினான். அவனுக்கும் அறுபது ஆகிறது. "கடையில இப்ப எட்டுப் பேர் இருக்காங்க. அதை விடு, உன் கதையைச் சொல்றேன். உன்னோட கையெழுத்தை நம்பி எத்தனை பேர் வண்டி வாங்கியிருக்கான்? அத்தனை பேரும் திரும்பி வந்து நிப்பான். நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவன் எனக்காகத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் இரண்டு வேளை போன் செய்கிறவன். திரும்பி உள்ளே வந்து, டூல் பாக்ஸின் மேல் தாளை வைத்து நிரப்பினேன். தகடு, அசல். பிரேக், அசல். ஸ்பிரிங், அசல். இருக்கை உறைகள் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. முடிவு என்ற கட்டத்தில், சிறப்பு ரக வண்டி என்பதற்கு முரணாக எதுவும் காணப்படவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்ன மாதிரிதான், கடைசி வரியைத் தவிர ஒரு சொல்லும் பொய் இல்லை. கடைசி வரியில்கூட நுணுக்கமாகப் பார்த்தால் தப்பித்துவிடலாம். பதின்மூன்று வருடம் அடுத்தவர் எழுதிய இந்த மாதிரி வரிகளைப் படித்து மூக்கைச் சுளித்தவள் நான். எழுத வந்தபோது எனக்கும் கை சரளமாகத்தான் ஓடியது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

"முடிஞ்சுதா மேடம்?" என்று பல் செட்காரர் கேட்டார். "ஒரு தடவை படிச்சுக் காட்டறீங்களா? எனக்கு இப்பல்லாம் எழுத்து பிடிபட மாட்டேங்குது. இவ படிப்பா, ஆனா பாதியை முழுங்கிடுவா."

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஆஸ்பத்திரி மருந்து வாசம் அடித்தது. நான் படித்தேன். தகட்டைப் படித்தபோது பல் செட்காரரின் உதடும் கூடவே அசைந்தது, நூற்றுப் பதினேழு என்று. பிரேக். ஸ்பிரிங். கேட்கக் கேட்க அவர் முகம் நிமிர்ந்துகொண்டே போனது. பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது. அங்கே பார்த்தால்தான் அவருக்கு நான் கொஞ்சமாவது தெரிவேன் போலிருக்கிறது. இருக்கை உறைகள் என்று ஆரம்பித்தேன்.

"இருக்கை உறைகள் மாத்தினது" என்றேன். "மாத்தினது நான்தான் சார். இது சாதாரண வண்டி. வேற ஒரு வண்டியோட சாமானை எல்லாம் கழட்டி இதுல மாட்டினாங்க. எங்க அண்ணன் கடையிலதான். சீட்டு நான் தச்சேன். தப்பாத் தச்சிருக்கேன், அந்த அரைச்சந்திரத் தோல் டிரைவர் பக்கம் வரணும். எனக்குத் தெரிஞ்சேதான் தச்சேன்."

வாயைத் திறப்பதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. வரிசையாகப் படித்துக்கொண்டு வந்த வாய் அந்த வரியைப் படிக்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

"பேப்பர்ல அப்படி இல்லையே" என்றார் மனைவி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"இல்ல" என்றேன்.

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி முழுவதையும் ஒரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்துகிற தெம்பு அவரிடம் இல்லை. "இப்படியே குடுத்திருந்தீங்கன்னா அரை மணி நேரத்துல ட்ரக் ஏறியிருக்கும். இவரு சந்தோஷமா ஏத்தி விட்டிருப்பாரு. வாங்கறவரும் ஓட்டப்போறதில்ல, மூடி வைக்கப்போறாரு. இத்தனை வருஷமா வாயை மூடிட்டுத்தானே இருந்தீங்க? இப்ப உங்க மனசுப் பாரத்தை இறக்கி வைக்க எங்க வீடுதான் கெடைச்சுதா?"

அவர் சொன்னது சரி. சொல்லி முடித்த அந்த நொடியில் எனக்கு நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. இறக்கி வைத்த பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று அவருடைய கணவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்துக்குப் பயந்துதான் பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்பதும் அப்போது தெரிந்தது.

"நீ சும்மா இரு" என்றார் அவர் மனைவியிடம், கோபமில்லாமல். என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாள் ஆச்சு, தைக்க?"

"பதினோரு நாள் சார்."

"ரெண்டு சீட்டுக்கும் சேத்தா?"

"ரெண்டுக்கும் சேத்து."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். "பேப்பரைத் திருத்திடுங்க" என்றார். "யாரு தச்சதுன்னும் எழுதிடுங்க. இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தன் கிட்ட இதே பொய்யை நானும் சொல்லுவேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் எல்லாம் பண்ண முடியாது."

மனைவி தாளை டூல் பாக்ஸின் மேல் திரும்ப வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் ஒரு ஸ்பேனரையும் வைத்தார். பிறகு ட்ரக் டிரைவரை எழுப்பப் போனார். கதவைத் தட்டி, இன்னும் நேரமாகும், வேண்டுமானால் சாப்பிட்டுவிட்டு வா என்று அவர் சொல்வது கேட்டது. வண்டி ஏறாது என்பதை அவனிடம் சொல்லவில்லை. என் போன் சட்டைப் பையில் அதிர ஆரம்பித்தது. அண்ணனாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. நின்றது, திரும்ப அதிர்ந்தது.

முடிவு என்ற கட்டத்தைக் குறுக்கே அடித்தேன். சாதாரண ரகம் என்று எழுதினேன். கண்டறிந்த விதம் என்று அதற்குக் கீழே ஒரு கட்டம் உண்டு, வழக்கமாக ஒரு கோடு போட்டுவிட்டு விட்டுவிடுவேன். பேனாவை அதில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பெயரை எழுதி, தைத்தது என்று சேர்க்க வேண்டும். பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

அவர் வண்டியின் மேல் கையை வைத்தபடியே மெல்லச் சுற்றிவந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். "இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்ல" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். உட்காரவில்லை. குனிந்து, அரைச்சந்திரத் தோலின் ஓரத்தைக் கையால் தேடிக் கண்டுபிடித்தார். ஆள்காட்டி விரலின் நுனியைத் தையலின் மேல் வைத்து, ஒவ்வொரு முடிச்சாக நகர்த்தினார். அவசரமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வளைவின் மேல்முனை வரை போன விரல் ஓரிடத்தில் நின்றது, ஒரு முடிச்சு பின்னால் வந்தது, அங்கேயே திரும்பத் திரும்பத் தடவியது. நூல் தீர்ந்துபோய், புது நூல் போட்டு நான் மறுபடி ஆரம்பித்த இடம் அது.